பெட்டியின் மேல் ஒரு வேப்பங்கொத்து

அப்பா செத்தபோது நான் அழவில்லை. சனம் அதைப் பற்றிக் கதைத்தது. கிளிவெட்டியில் எங்கள் வீட்டு வளவுக்குள் ஷெல் விழுந்தது, அப்பா போய்விட்டார், அவ்வளவுதான். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கையோடு பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினேன். பசித்தால் சாப்பிட்டேன், படுத்தால் தூங்கினேன். சல்லி முத்துமாரி அம்மாள் என் தாயின் ஊரான சல்லியின் தெய்வம். அவளைக் கும்பிடுவதை விட்டுவிட்டேன். அவள் மேல் கோபம்கூட வரவில்லை.

ஆய்வுகூடத்தில் கண்டுபிடிப்பதை நோயாளியின் கட்டில்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் மேற்படிப்பு. ஒரு துளி இரத்தத்தில் சின்னமுத்து என்னும் தட்டம்மையை அடையாளம் காட்டும் தாள் ஒன்றை எங்கள் குழு செய்திருந்தது. அதை உண்மையான நோயாளிகளின் இரத்தத்தில் சோதிக்க வேண்டும். என் சனம் இருந்த அகதி முகாம்களில் அப்போது சின்னமுத்து பரவியிருந்தது. முதல் தடவை நான் எடுத்துவந்த இரத்தம் வெக்கையில் கெட்டுவிட்டது.

"இந்தமுறையும் கெட்டால் ஆய்வை மூட வேண்டியதுதான். உங்களுக்கு இங்கே இடமும் இராது" என்றார் பேராசிரியர். நல்ல மனிதர். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

குளிர்ப்பெட்டிக்குப் பற்றரி வேண்டும். பற்றரியை இராணுவக் காவலரண் தாண்டிக் கொண்டுபோக விடமாட்டார்கள். சல்லியில் மீன் வியாபாரம் செய்யும் மாமாதான் வெக்கை ஏறாத ரெஜிபோம் பெட்டி நிறைய ஐஸ் தந்தார்.

"நேற்றுவரைக்கும் உதுக்குள்ள பாரைமீன் கிடந்தது. நாத்தம் வந்தால் என்னைத் திட்டாதை பிள்ளை" என்றார். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரிப்பு வரவில்லை.

முகாமில் இரத்தம் எடுத்துக்கொண்டு மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் திரும்பினேன். திருகோணமலை இறங்குதுறையில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ஓர் இளம் சிப்பாய் இரத்தக் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் மேசைமேல் அடுக்கினான்.

"மொகத்த மே?" என்றான், இது என்ன என்று.

தெரிந்த கொஞ்சச் சிங்களமும் அந்த நேரம் மறந்துவிட்டது. கீழே பெட்டியில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. என் படிப்பும் அதோடு போகிறது என்று தெரிந்தும் மரம் மாதிரி நின்றேன். பிறகு என்னை அறியாமல், "அம்மாளே" என்றேன். அதைப் பிரார்த்தனை என்று சொல்ல எனக்கே கூச்சம். கால் இடறினால் வாயில் வருகிற சொல்தானே அது.

சிப்பாய் சட்டென்று கையை எடுத்தான்.

"அம்மாவருன்கே லெடே த?"

அம்மாமாரின் நோயா என்று கேட்கிறான். சின்னமுத்தையும் கொப்பளிப்பானையும் நாங்கள் அம்மாள் வருத்தம் என்போம். சிங்களவரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று அன்றுதான் அறிந்தேன். நான் தெய்வத்தைக் கூப்பிட்டேன், அவனுக்கு அது நோயின் பெயராகக் கேட்டிருக்கிறது. தலையாட்டினேன். பொய்யில்லையே.

அவன் பூட்ஸைக் கழற்றிவிட்டு, குழாய்களை இரண்டு கையாலும் எடுத்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தான். உள்ளே போய் ஒரு வாளியில் ஐஸ் கொண்டுவந்து கொட்டினான். பக்கத்து மரத்தில் வேப்பங்கொத்து முறித்து மூடிமேல் செருகினான்.

"பரிஸ்ஸமென் யன்ன, நங்கி." கவனமாகப் போ தங்கச்சி என்றான்.

வழியில் இருந்த மற்றக் காவலரண்களில் வேப்பிலையைக் கண்டவர்கள் பெட்டியைத் தொடவேயில்லை. ஆய்வுகூடத்தில் மூடியைத் திறந்து கையை விட்டேன். விரல்கள் விறைத்தன. அப்பா போனபிறகு முதன்முதலாக எனக்கு ஏதோ உறைத்தது. பெட்டியைப் பிடித்தபடி அப்பாவை நினைத்து அழுதேன். பேராசிரியர் வெளியே போய் நின்றார்.

அந்த இரத்தத்தில் தாள் சரியாக வேலை செய்தது. பட்டமும் கிடைத்தது. இன்று அதே படிப்பை நான் கற்பிக்கிறேன். என் மாணவர்களில் ஒருத்தி தடுப்பூசி ஆய்வில் இருக்கிறாள், இன்னொருவன் வெளிநாட்டில் மருந்து செய்கிறான். எவர் ஆய்வுக்குப் புறப்பட்டாலும், ஆராயப்போகும் நோய்க்கு அங்குள்ள வீடுகளில் என்ன பெயர் என்று முதலில் கேட்டுவரச் சொல்லுவேன்.

எல்லாம் ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில நாட்களில் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறேன். ஆனாலும் அம்மாளுக்கு விளக்கு வைக்கிறேன். அடியார்களே, உங்களுக்கும் மனம் மரத்துப்போய்க் கும்பிட வராமல் இருக்கலாம். பரவாயில்லை, ஒருமுறை அவளைக் கூப்பிட்டுவிடுங்கள். அது யார் காதில், எந்த மொழியில் விழ வேண்டும் என்பதை அவள் பார்த்துக்கொள்வாள்.