பேரில்லாத ரசீது

ஃபோன் செயலியின் திரைகளை வரைவது அவள் வேலை. கிரிப்டோ கம்பெனி ஒன்றில், இரண்டு வகை நாணயங்களைச் சேர்த்துப் பொதுத் தொகுப்பில் போட்டவர்கள் அவற்றைத் திரும்ப எடுக்கும் பக்கத்தை இரண்டு மாதம் இழைத்து இழைத்து வரைந்தாள். எந்த நாணயம் எவ்வளவு கைக்கு வரும், கட்டணம் என்ன, எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். "கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்ணா" என்று அண்ணனிடம் பெருமையடித்ததும் அவள்தான்.

அண்ணன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமாக இன்னொருவர் கடையில் வேலை. சொந்தக் கடை வைக்கச் சேர்த்ததைத் தங்கச்சி கம்பெனியாயிற்றே என்று அந்தத் தொகுப்பில் போட்டார். போட்டதற்கு அடையாளமாக ஃபோனில் இருக்கும் கிரிப்டோ பர்ஸுக்கு ஒரு ரசீது நாணயம் வரும். அது இருந்தால்தான் பணத்தை எடுக்க முடியும். அந்த ரசீதுக்கு ஒரு பேரும் படமும் வைக்கும் வேலையை மட்டும் அவள் அடுத்த மாசத்துக்குத் தள்ளியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை கடைக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். வியாழன் காலையிலேயே அண்ணனும் அண்ணியும் வந்துவிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் ஃபோனை வைத்துப் பக்கத்தைத் திறந்தால், 'உங்களுக்கு இங்கே எதுவும் இல்லை' என்றது. அவள் எழுதிய வாசகம்தான்.

"அண்ணா, பர்ஸ்ல சாம்பல் கலர்ல வட்டமா ஒண்ணு இருந்திருக்குமே?"

"அதுவா? பேரும் இல்ல, ஊரும் இல்ல, மதிப்பு பூஜ்யம்னு இருந்துச்சு. தெரியாத நாணயம் வந்தா ஏமாத்து வேலைன்னு நீதானே சொன்னே. ஞாயித்துக்கிழமையே அழிச்சுட்டேன்."

"வீட்ல குடிச்ச டம்ளரை எடுத்து வைக்கமாட்டாரு. ஃபோனை மட்டும் தினம் பெருக்கித் தொடைச்சு வைப்பாரு," என்றாள் அண்ணி. அவளுக்கு இன்னும் விஷயம் புரியவில்லை.

பணத்தைக் காக்கும் நிரலை எழுதிய பையனுக்கு ஆபீஸில் பேர் 'பூட்டு'. அவனுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள்.

"ரசீதை அழிச்சா போச்சுக்கா. யார்கிட்டயும் சாவி இல்லாத முகவரிக்குப் போயிடும்."

"நீ எழுதினதுதானேடா. ஒரு வழி இல்லாமலா?"

"எழுதி வெளிய விட்டாச்சு. இனி நானே தலைகீழா நின்னாலும் திறக்காது. யாரும் கை வைக்க முடியாதுன்னு சொல்லித்தானேக்கா ஆள் சேர்த்தோம்?"

அண்ணன் மெதுவாகக் கேட்டார். "அப்போ பணம் காணோமா?"

"இல்லண்ணா, அங்கேயேதான் இருக்கு." யாரும் பார்க்கக்கூடிய கணக்குப் பக்கத்தைக் காட்டினாள். அவர் பங்கு அப்படியே இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொகுப்பின் வருமானம் சேர்ந்து கடைசி இலக்கம் ஒன்று கூடியது.

"ஏறுதே! நீ வரைஞ்ச பக்கத்துல ஒரு பொத்தான் வெச்சிரேன்மா, நான் எடுத்துக்கறேன்."

"பொத்தான் வைக்கலாம்ணா. அழுத்தினா ஒண்ணும் நடக்காது."

அண்ணன் மேசை விளிம்பைத் தடவினார். பிறகு ஃபோனை எடுத்து, தான் வேலை பார்க்கும் கடைக்கே பேசினார்.

"முதலாளி, இந்த மாசத்தோட நின்னுக்கறேன்னு சொன்னேன்ல... அதை மனசுல வெச்சுக்காதீங்க. எப்பவும்போல வந்துடறேன்."

ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அண்ணன் பதிலுக்குக் காத்திருந்தார்.