விளக்கு வைத்த நேரத்துக் குப்பை வண்டி

கண்ணகிக்கு வாய் அதிகம் என்று அந்தப் பேரூராட்சி ஆபீசில் எல்லோரும் சொல்வார்கள். அதிகம்தான். மேலத்தெருக்களின் நாற்றத்தை வருடக்கணக்காக முகத்துக்கு நேரே வாங்குகிறவளுக்கு வாயும் இல்லாமல் போனால் வேறு என்ன மிஞ்சும்? ஜெயங்கொண்டத்திலிருந்து தா.பழூர் போகிற பக்கம் இருக்கிறது அந்த ஊர். பெயரைச் சொன்னால் பொல்லாப்பு.

காலையில் பேட்டரி வண்டியில் பாட்டைப் போட்டுக்கொண்டு மேலத்தெருவுக்குள் நுழைவாள். பச்சை வாளியில் மக்குவது, நீல வாளியில் மக்காதது. ஊருக்கே தெரிந்த சங்கதி. ஊரே செய்யாத சங்கதி. பழைய சாம்பாரோடு உடைந்த கண்ணாடி டம்ளரைப் போடுவார்கள். பிள்ளைக்குக் கட்டிய டயப்பரை வாழைப்பழத் தோலுக்குள் ஒளித்துக் கொடுப்பார்கள். கண்ணகி வாளியை வாங்கி எட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே அந்த வீட்டு வாசலில் கவிழ்ப்பாள். பிரித்துக் கொடுத்தால்தான் அள்ளுவாள். இவளை யாருக்குப் பிடிக்கும்? அவளுக்கும் அவர்களில் ஒருத்தரையும் பிடிக்காது. அதை அவள் மறைத்ததும் கிடையாது.

அதிலும் முந்திரி மண்டி கண்ணையன் மனைவி ராசாத்திக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். கண்ணகி வண்டி நின்று போன இடத்தில் ராசாத்தி ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவுவாள். தூசிக்காக என்பாள். சுண்ணாம்புக்கல் லாரி போய்த் தெருவே வெள்ளையாய்க் கிடக்கும்போது அந்தக் குடம் வெளியே வந்ததே இல்லை. எந்தத் தூசிக்கு அந்தத் தண்ணீர் என்று கண்ணகிக்குத் தெரியாதா என்ன?

இத்தனையையும் பொறுத்துக்கொண்டு அவள் அந்த வேலையைப் பிடித்துத் தொங்கியது மகள் வேணிக்காக. புருஷன் செத்துப்போனான். வேணி ஜெயங்கொண்டத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பு முடிகிறவரை இந்தக் கான்ட்ராக்ட் சம்பளம் நிற்கக் கூடாது. கண்ணகிக்கு உலகத்தில் இருந்த ஒரே கணக்கு அதுதான்.

அப்போதுதான் ஆபீசுக்குச் சிக்கனம் பிடித்தது. ஊரில் இருந்தது இரண்டு பேட்டரி வண்டி. கீழத்தெருக்களுக்கு ஆண்டவர் ஓட்டுவார், மேலத்தெருக்களுக்குக் கண்ணகி. கண்ணகி வண்டியின் பேட்டரி செத்துப்போனது. புதுசு போடக் காசில்லை என்று வண்டியை ஓரம் கட்டினார்கள். சூப்பர்வைசர் அறிவரசன் புதுத் திட்டம் கொண்டுவந்தார். ஆண்டவர் காலையில் கீழத்தெருவை முடித்துவிட்டு மதியம் வண்டியைக் கொண்டுவந்து சார்ஜில் போட வேண்டும். சாயங்காலம் அதே வண்டியைக் கண்ணகி மேலத்தெருவுக்கு எடுக்க வேண்டும். ஒரு வண்டிச் செலவில் முழு ஊரும் சுத்தம். மேலே இருப்பவர்கள் பலே என்று தட்டிக் கொடுத்தார்களாம்.

கண்ணகி நேரே போய் அவர் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"வண்டி சார்ஜ் ஏறி வர்றதுக்குள்ள விளக்கு வச்சிடுவாங்க சார். விளக்கு வச்ச வூட்டுலேர்ந்து குப்பையை எவ எடுத்து வெளிய போடுவா? உங்க வூட்டுல போடுவாங்களா?"

எங்கிருந்தோ வந்த அதிகாரிக்கென்றால் இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். அறிவரசன் அதே மேலத்தெருவில் பிறந்து வளர்ந்தவர். அந்தி சாய்ந்தபின் வாசல் கூட்டினாலே மகாலட்சுமி போய்விடுவாள் என்று அவர் அம்மாவும் திட்டியிருப்பார். ஆனால் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தால் சிலருக்கு வீட்டு ஞாபகம் போய்விடுகிறது. காலம் மாறிவிட்டது, சொன்னதைச் செய் என்றார்.

காலமாவது, மாறுவதாவது! முதல் நாள் சாயங்காலம் பாட்டு தெரு முனையில் கேட்டதுமே பெண்கள் கதவைச் சாத்தினார்கள். உள்ளே விளக்கு எரிந்தது, ஊதுபத்தி வாசனை வந்தது, ஒரு வாளிகூட வெளியே வரவில்லை. விளக்கு நேரத்தில் குப்பை வண்டி வாசலில் நிற்பதே ஆகாது என்று இரண்டு பேர் அவளைச் சபித்தார்கள். கால் வண்டிகூட நிறையவில்லை. மறுநாளும் அதே கதை.

வாளியில் சேர்ந்தது எங்கே போகும்? விடிந்ததும் பாலித்தீன் பையில் கட்டிக் குளத்து மேட்டில் வீசினார்கள். பத்தே நாளில் குளத்து மேடு மலையானது. நாய்கள் பையைக் கிழித்துத் தெருவெங்கும் இழுத்தன. மேலத்தெருக்காரர்கள் மனு எழுதினார்கள், கண்ணகி குப்பை எடுப்பதில்லை என்று.

ஆபீஸ் அதைவிட ஒரு படி மேலே போனது. குப்பைக் கிடங்கில் எடை பார்த்தார்கள். மேலத்தெருவிலிருந்து எடையே வரவில்லை. குப்பை இல்லாத இடத்துக்கு ஆள் எதற்கு? மாதக் கடைசிக்குள் எடை ஏறாவிட்டால் கண்ணகியை நிறுத்திவிடுவதென்று அறிவரசன் சொன்னார். செலவு இன்னும் குறையுமல்லவா!

ராசாத்தி கொடுக்காத குப்பைக்காக வேணி படிப்பை விட வேண்டுமா? ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் முக்காடு போட்டுக்கொண்டு குளத்து மேட்டில் இறங்கினாள். ஒவ்வொரு பையாகக் கிழித்துப் பார்த்தாள். இப்போதெல்லாம் யார் வீட்டுக் குப்பை என்று கண்டுபிடிக்க ஜோசியம் தெரிய வேண்டியதில்லை. சேலையிலிருந்து சீப்பு வரைக்கும் எல்லாம் கூரியரில் வருகிறது. கவரின் மேலேயே பெயர், கதவு எண், போன் நம்பர் எல்லாம் ஒட்டியிருக்கிறது. வீடு வீடாகப் பிரித்து வைத்து, சாயங்காலம் வண்டி சார்ஜ் ஏறி வந்ததும் அதில் ஏற்றினாள்.

விளக்கு வைத்த நேரத்துக்கு மேலத்தெருவுக்குள் போனாள். அன்றைக்குப் பாட்டுப் போடவில்லை. ஒவ்வொரு வாசலிலும் அந்தந்த வீட்டுப் பையை, கூரியர் கவர் மேலே தெரிகிறமாதிரி, நிலைப்படிக்கு நேராக வைத்துக்கொண்டே போனாள். ராசாத்தி பூஜை மணியைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தாள்.

"வெள்ளிக்கெழமை அதுவுமா விளக்கு வச்ச வாசல்ல குப்பையைக் கொண்டாந்து வக்கிறியே, நீ வெளங்குவியாடி?"

"உங்க வூட்டு மகாலட்சுமிதாங்க. குளத்து மேட்டுல அநாதையா கெடந்தா. கொண்டாந்து சேத்துட்டேன்."

தெருவே திரண்டது. கெட்ட வார்த்தை சரமாரியாக வந்தது. ஒருத்தன் வண்டிக் கண்ணாடியை உடைத்தான். கண்ணகியும் சும்மா இல்லை, வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தாள். கடைசிப் பையை அவள் கொண்டுபோய் வைத்த வாசல் அறிவரசனுடையது. அவர் மனைவி அதைப் பார்த்தாள், கவரில் இருந்த தன் பெயரைப் பார்த்தாள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் மேலத்தெருப் பெண்கள் ஆபீசை முற்றுகையிட்டார்கள். இவளை விரட்டு, எங்களுக்குக் காலையில் வண்டி அனுப்பு என்றார்கள். அதிசயத்தைக் கேளுங்கள். இத்தனை நாள் முடியவே முடியாது என்ற பேட்டரி அன்றைக்கு முடியும் என்றது. ஆண்டவர் அரை மணி முன்னதாகக் கிளம்பினால் கீழத்தெருவையும் மேலத்தெருவையும் காலையிலேயே முடித்துவிடலாமாம். யாரும் கத்தாதவரை இந்த யோசனை ஒருவர் மண்டையிலும் உதிக்கவில்லை.

கண்ணகியை என்ன செய்வது? தன் வீட்டுப் பை ஊர் வாயில் விழுந்துவிடுமே என்று அறிவரசனுக்குப் பயம். எழுத்தில் எதையும் கொண்டுவராமல் தனியாகக் கூப்பிட்டார். இனி அவள் சாயங்காலம் கிடங்கு மேட்டுக்கு வண்டி எடுக்கலாம் என்றார்.

கிடங்கு மேடு கண்ணகியின் சொந்தத் தெரு. ஊர்க் குப்பையெல்லாம் போய்ச் சேரும் இடத்தை ஒட்டி இருக்கிறது. கிடங்குக்கு வளம் மீட்புப் பூங்கா என்று போர்டு உண்டு, பூவைத்தான் காணோம். மழை பெய்தால் அதன் சாறு அவர்கள் வாசலுக்கு வரும். வீட்டு வரியோடு குப்பை வரியும் கட்டுகிறார்கள். குப்பை வண்டி மட்டும் அந்தத் தெருவுக்குள் ஒருநாளும் நின்றதில்லை.

"அங்கயும் விளக்கு வப்பாங்க சார்" என்றாள் கண்ணகி.

"உங்க ஆளுங்களுக்கு என்னம்மா விளக்கு, நேரமெல்லாம்? நீ போனா குடுப்பாங்க. எடை மட்டும் வரணும், பாத்துக்க."

அவள் திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தாள். வேணியின் கடைசி வருடம் நினைவுக்கு வந்தது. அந்த வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தாள். அவள் வாழ்நாளில் அப்படி வந்தது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் சொந்தத் தெருவுக்குள் பாட்டோடு போனாள். கலியம்மாள் விளக்கேற்றிவிட்டு வாசலில் நின்றிருந்தாள், சொந்தக்காரிதான். கண்ணகியைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு கதவைச் சாத்தினாள். அடுத்த வீடும் சாத்தியது. ஒருத்தரும் திட்டவில்லை. மேலத்தெருவில் வாங்கிய வசவு எவ்வளவோ தேவலாம் என்றிருந்தது அவளுக்கு.

கடைசி வீடு அவளுடையது. மாடத்தில் விளக்கு எரிந்தது. வேணி கையில் குப்பை வாளியோடு வாசல்படியில் நின்றாள். எடை வராவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கண் கலங்கியிருந்தாலும் ஒரு காலை வெளியே எடுத்து வைத்துவிட்டாள்.

"உள்ள போ" என்றாள் கண்ணகி.

"எடை வேணும்லம்மா. இன்னிக்கி ஒரு நாளு..."

"விளக்கு எரியிது. உள்ள போயிக் கதவைச் சாத்துடி."

வேணி வாளியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ் விழுகிற சத்தம் கேட்கும்வரை கண்ணகி அங்கேயே நின்றாள்.

வண்டியைத் திருப்பினாள். ஆபீஸ் பூட்டியிருக்கும் நேரம். அதனால் மேலத்தெருவுக்குப் போனாள். அறிவரசன் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த வாசலுக்கு நேராக, நிலைப்படியை மறித்தபடி, காலி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். சாவி இல்லாமலும் ஓடுகிற பாட்டின் சத்தத்தை ஏற்றினாள். சாவியைப் பிடுங்கி அவர் வீட்டு வாசல் மாடத்தில், விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

உள்ளேயிருந்து அறிவரசன் யாரது, யாரது என்று கேட்டுக்கொண்டே வந்தார். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அவள் கிடங்கு மேட்டுக்கு நடந்து போனாள்.