பரமேஸ்வரி அக்கா சொன்ன படம்

பரமேஸ்வரி அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் லண்டன் ஹவுன்ஸ்லோவில் ஷிப்ட் முடித்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். எங்கள் சனிக்கிழமைக் குழுவின் வாட்ஸப்பில்தான் வந்தது. வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அதே குழுவில் "தங்கமான மனுசி", "எங்களுக்கெல்லாம் தாய் மாதிரி" என்று வந்து குவிந்தன. வாசிக்க வாசிக்க எனக்குக் காது சுட்டது. நானும் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டு போனைப் பைக்குள் வைத்தேன்.

அக்காவைத் தெரிந்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. கணவனை இழந்து பல வருஷம் தனியே இருந்தவர், அறுபதை நெருங்கும் வயதில் நடராசா அண்ணையைக் கட்டினார். அண்ணையும் மனைவியை இழந்தவர். இங்கே படிக்க வந்து கணக்காளராக இருந்தவர். ஹரோவில் சொந்த வீடு, நல்ல பென்ஷன். போதாதா எங்களுக்கு? "வீட்டைப் பாத்துத்தான் கட்டினவ" என்று வாய் ஓயாமல் கதைத்தோம். "கதைத்தார்கள்" என்று எழுதத்தான் கை போகிறது. இல்லை, கதைத்தோம்.

அப்படிக் கதைத்த எங்களுக்குத்தான் அவர் படம் சொன்னார். பேரப்பிள்ளைகள் தமிழ் வகுப்பில் இருக்கும் நேரம் நாங்கள் பக்கத்து மண்டபத்தில் பழைய கறுப்பு வெள்ளை ஹொலிவூட் படங்கள் பார்ப்போம். அந்தக் காலத்து வேக இங்கிலீஷ் எங்கள் காதுக்குப் பிடிபடாது. அக்கா மைக்கோடு ஓரமாக இருந்து, யார் என்ன சொல்கிறார்கள் என்று உடனுக்குடன் எங்கள் தமிழில் சொல்லுவார். குதிரை வண்டியில் வந்திறங்கும் சீமாட்டி அவர் வாயில் "உதென்ன கண்டறியாத கதை?" என்று கேட்பாள். எங்களுக்கு வயிறு நோகும். ஒருமுறை மைக் பழுதாகிவிட்டது. தொண்டை கட்டியிருந்தும் முன்னால் வந்து நின்று கடைசிவரை சொன்னார். "காசில்லாமப் பாக்கிற படத்துக்கு உந்தக் குரல் போதும்" என்று பகிடி வேறு.

அவருக்கு மிகவும் பிடித்தது ஒரு சூழ்ச்சிக்காரியின் படம். தரையைக் கூட்டும் கவுன்கள் போட்ட காலத்துக் கதை. ஏழைப் பெண் ஒருத்தி தந்திரமாக ஒரு பணக்காரக் கிழவனைக் கட்டி, அவன் தம்பியைத் துரத்திவிட்டு, பண்ணை முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவருவாள். "நாசமாப் போவாள்" என்று மண்டபம் திட்டும். அக்கா படத்தை நிற்பாட்டுவார். "திட்டுங்கோ, வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா அவள் பசி கிடந்ததையும் பாத்தனீங்கள்தானே?" என்பார். "தன்ர கதையைத்தான் சொல்லுறா" என்று நாங்கள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொள்வோம்.

முப்பத்தோராம் நாள் கிரியைக்குப் பிறகு வந்த சனிக்கிழமை, அவர் நினைவாக அந்தப் படத்தையே போட்டோம். நடராசா அண்ணை எப்போதும்போல முன்வரிசையில் இருந்தார். மைக்கை என்னிடம் தந்தார்கள். காதால் பிடிக்காவிட்டாலும் வாசித்தால் எனக்கு விளங்கும் என்பதால், திரையின் அடியில் இங்கிலீஷ் எழுத்து ஓடவிட்டோம். அக்கா இருந்தவரை அதற்கு விட்டதில்லை. "எழுத்து ஓடினா முகத்தைப் பாக்கமாட்டியள்" என்பார்.

நடுவில் பெண்கள் கூடித் தேநீர் குடிக்கும் காட்சி ஒன்று வரும். அந்த இடத்தில் அக்கா, "குளிரைப் பற்றிக் கதைக்கினம். கேக் நல்லா வந்திருக்காம்" என்று மட்டும் சொல்லுவார், நாங்களும் அந்த நேரம்தான் வடைத் தட்டைக் கைமாற்றுவோம். இப்போது எழுத்து ஓடியது. வீட்டுக்காகத்தான் கிழவனைக் கட்டினாள், அவன் கண்ணை மூடும்வரை காத்திருக்கிறாள் என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். நாங்கள் கதைத்த அதே கதை. எல்லாம் அக்காவின் காதுக்கு எட்டித்தான் இருந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, நாங்கள் வெட்கப்படக் கூடாதென்று, ஒவ்வொரு முறையும் அந்த இடத்தை மறைத்துச் சொல்லியிருக்கிறார்.

"என்னவாம்? சொல்லன் பிள்ளை" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். "குளிரைப் பற்றித்தான் கதைக்கினம்... கேக் நல்லா வந்திருக்காம்" என்றேன்.

நடராசா அண்ணை திரும்பிப் பார்த்தார். "ஓம் பிள்ளை, அவவும் அப்பிடித்தான் சொல்லுறவ" என்றார். கோபமே இல்லை. அவருக்குத்தான் எல்லா இங்கிலீஷும் விளங்குமே! அந்தக் காட்சியையும் அக்காவின் தமிழையும் ஒன்றாகக் கேட்டுக்கொண்டு, இத்தனை காலம் எங்கள் நடுவில் பேசாமல் இருந்திருக்கிறார்.

அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த ஒரு பொய்தான். அவர் அதை எங்களைக் காப்பாற்றச் சொன்னார். நான் என்னைக் காப்பாற்றச் சொன்னேன்.