மொட்டை மாடியில் பழக்கிய ஷூ

இருபத்தாறு வருஷமாக நான் பனியைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். பனியாறு எப்படி நகரும், மலையில் எந்த உயரத்துக்கு மேல் பனி உருகாமல் கிடக்கும் என்றெல்லாம் கரும்பலகையில் படம் போட்டு விளக்குவேன். ஒருநாள் ஒருத்தி எழுந்து, "டீச்சர், பனியத் தொட்டா சில்லுனு இருக்குமா, சுடுமா?" என்று கேட்டாள். ஃப்ரிட்ஜில் இருக்கும் ஐஸைத் தவிர வேறெதையும் தொட்டறியாத நான், "சில்லுனுதான் இருக்கும், உக்காரு" என்று அதட்டி உட்கார வைத்தேன். அன்று வீடு வந்து சேரும்வரை பஸ்ஸில் எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வருஷம் அரையாண்டு விடுமுறைக்கு என் கணவர் வழக்கம்போல் கடற்கரை ரிசார்ட்டில் ரூம் போடப் போனார். ஒவ்வொரு டிசம்பரும் அதே கதைதான். அவருக்குத் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹார்டுவேர் கடை. "வருஷம் பூரா நின்னுகினே இருக்கேன், நாலு நாள் படுத்துக்கிறேனே" என்பார். படுப்பார் என்றால் சும்மா இல்லை, நீச்சல் குளத்தோரம் சாய்வு நாற்காலியில் நாலு நாளும் படுப்பார். நான் கடலையும் அவர் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"இந்த வாட்டி கடல் வேணாங்க. பனி மலை ஏறலாம்" என்றேன்.

"ஏறிட்டு?"

"எறங்கலாம்."

சண்டைக்கு வருவார் என்று பார்த்தால், "சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டார். வீட்டிலும் அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

உத்தரகண்டில் ஒரு மலை. முன்பின் பழக்கமில்லாதவர்களும் ஏறக்கூடியது என்று பயணக் கம்பெனிக்காரர்கள் விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். எங்களுக்கு நடைப் பயிற்சி உண்டா என்று படிவத்தில் கேட்டிருந்தது. மாதாமாதம் பௌர்ணமிக்குப் பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் போகிறவர்கள் நாங்கள். நான் திமிரோடு எழுதினேன்: 'மாதம் ஒருமுறை பதினாலு கிலோமீட்டர், வெறுங்காலில்'. நாங்கள் மலையைச் சுற்றுகிறோமே தவிர ஏறுவதில்லை, அது தரைமட்டமான தார் ரோடு என்பதை எழுதவில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை.

இரண்டு ஜோடி ஷூ வாங்கினோம். கணுக்காலை மூடும் கனத்த ஷூ. ஒரு மாதமாவது தினமும் போட்டுப் பழக்க வேண்டும் என்று பயணம் ஏற்பாடு செய்தவர்கள் எழுதியிருந்தார்கள். எங்கே போட்டுப் பழகுவது? வீட்டுக்குள் செருப்பே ஏறாது. பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போனால் புடவைக்குக் கீழே அதைப் பார்த்து எட்டாம் வகுப்பு முழுக்கச் சிரிக்கும். மிச்சம் கிரிவலப் பாதை. அங்கே ஷூ போட்டுக்கொண்டு நடப்பதா? என் கால் வராது. எனவே அந்த மாதமும் வெறுங்காலில் சுற்றிவிட்டு வந்து, பயிற்சி முடிந்தது என்று திருப்தியாகப் படுத்தேன். ஷூ பெட்டியிலேயே இருந்தது.

அவர் வேறு மாதிரி யோசித்தார். கடைக்குப் போகும் முன் தினமும் காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் சுற்ற ஆரம்பித்தார். லுங்கி, பனியன், கீழே மலையேறும் ஷூ. பக்கத்து மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் கொடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் மாடி வீட்டில் குளிர்காலம் மூன்று மாதமும் வாடகைக்கு இருக்கும் வெளிநாட்டு அம்மா, தலைக்கு மேல் தொம் தொம்மென்று சத்தம் கேட்டு ஏறி வந்து பார்த்தார். பனிக்குப் பயந்துதான் அவர் வருஷாவருஷம் எங்கள் ஊருக்கு ஓடி வருவதே. நாங்கள் அந்தப் பனியைத் தேடிப் போகிறோம் என்றதும் எங்களை ஒருமாதிரியாகப் பார்த்தார். ஆனால் என் கணவர் செய்வதுதான் சரி என்றார்.

"மாடி வலம் எத்தனை சுத்து ஆச்சுங்க?" என்று தினமும் கிண்டல் செய்தேன். அவர் கோபித்துக்கொள்ளாமல், "இருவது டீச்சர்" என்று எண்ணிக்கை சொல்வார்.

மலையில் முதல் நாள் ஏற்றத்திலேயே என் குதிகாலில் ஷூ கடித்தது. தார் ரோட்டின் வெயிலையும் கல்லையும் தாங்குகிற உள்ளங்கால் எனக்கு. ஆனால் குதிகாலின் பின்பக்கத்தை எந்தக் கல்லும் தொட்டதில்லை, அது குழந்தை கன்னம்போல் மெத்தென்று இருந்தது. நொண்டாமல் நடந்து மறைத்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்து ஷூவைக் கழற்றினால், சாக்ஸோடு தோலும் சேர்ந்து வந்தது.

எங்கள் வழிகாட்டி அந்தப் பக்கத்து ஊர்க்காரர், நாற்பது வயது இருக்கும். குனிந்து என் காலைப் பார்த்தார். மருந்து வைத்துக் கட்டினார். பிறகு எனக்கும் புரிகிற இந்தியில் நிதானமாகச் சொன்னார்: காலில் பெரிய பிரச்சினை இல்லை, ஷூதான் பிரச்சினை. இந்த ஷூவோடு நாளைக்கு உச்சிக்குக் கூட்டிப்போக முடியாது.

உச்சி அங்கிருந்தே தெரிந்தது. மதிய வெயிலில் வெள்ளை வெளேரென்று, இதோ கூப்பிடு தூரத்தில். இருபத்தைந்து வருஷம் படம் போட்டுவிட்டு, கடைசி மூன்று மணி நேர நடையில் தோற்றுப்போகிறேனே என்று கூடாரத்துக்குள் உட்கார்ந்து அழுதேன். அவர் மாடியில் சுற்றும்போது சிரித்த வாய்தானே இது என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

மறுநாள் விடிந்ததும் அவர் தன் ஷூவைக் கொண்டுவந்து என் எதிரில் வைத்தார். அவர் உயரம் கம்மி. எங்கள் இருவர் காலுக்கும் ஒரே ஒரு சைஸ்தான் வித்தியாசம்.

"ரெண்டு சாக்ஸ் போட்டுப் பாரு."

போட்டேன். உள்ளே பஞ்சுபோல் இருந்தது. குதிகால் எங்கேயும் உரசவில்லை.

"நீங்க?"

"எனக்கு இன்னா? நாலு நாள் படுக்கத்தானே நான் லீவு கேப்பேன். இங்க படுத்துக்கிறேன். நீ போய்ட்டு வா."

நான் அதை நம்பினேன். நம்ப வசதியாகவும் இருந்தது.

வழிகாட்டி என்னைச் சிறு குழந்தையைப்போல் நடத்திக் கூட்டிப்போனார். ஷூவுக்கு அடியில் முள் சங்கிலி மாட்டிவிட்டார், பனியில் அது நறுக் நறுக்கென்று கடித்துப் பிடித்தது. ஒரு இடத்தில் கையுறையைக் கழற்றிப் பனியை அள்ளினேன். முதலில் சில்லென்றது, கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே சுட்டது. அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு இரண்டுமே பதில்.

உச்சியில் கற்களை அடுக்கி, சூலம் நட்டு, சின்னதாக ஒரு சாமி. பார்த்ததும் என்னையறியாமல் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தேன். வழிகாட்டி பதறிப்போய் கையைப் பிடித்தார். கழற்றினால் விரல் போய்விடும், இங்கேயே நின்று கும்பிடுங்கள் என்றார். காலில் செருப்போடு நான் சாமி கும்பிட்டது என் வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். அதுவும் என் கணவருடைய ஷூவோடு. கைகூப்பி நின்றபோது சுற்றிலும் மலை மலையாக வெள்ளை, நான் போட்ட படங்களில் ஒன்றுகூட இதுபோல் இல்லை. சந்தோஷத்தில் உரக்கச் சிரித்தேன்.

திரும்பி வரும்போது தூரத்திலிருந்தே அவர் தெரிந்தார். ரப்பர் செருப்பும் சாக்ஸுமாகக் கூடாரத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். நான் வந்ததும் முகாமின் சமையல்காரர் டீயை நீட்டி, அவரைக் காட்டி, சைகையிலேயே ஏதோ சொன்னார். நாற்காலியைத் தொட்டு, கையை விரித்து, மலையைக் காட்டினார். காலையிலிருந்து இந்த மனிதர் ஒரு நிமிஷம்கூட உட்காரவில்லை, அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார் என்று வழிகாட்டி எனக்கு விளக்கினார்.

"படுத்துக்கிறேன்னு சொன்னீங்க?"

"படுத்தா மலை தெரியலை டீச்சர்" என்றார். பிறகு டீயைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் மேல போகணும்னுதான் இருந்துச்சு. இல்லைனா ஒரு மாசம் யாரு மாடியில சுத்துவா? பரவால்ல. எப்படி இருந்துச்சு, சொல்லு" என்றார்.

சொன்னேன். சாமி வரைக்கும் வந்ததும், "திரும்ப மொதல்லேர்ந்து சொல்லு" என்றார். மூன்று முறை சொன்னேன்.

இந்த டிசம்பருக்கும் அதே மலைதான். ரூம் போடும் பேச்சே வீட்டில் எழவில்லை. அவர் மறுபடியும் மாடியில் சுற்றுகிறார். மாடி எனக்குப் போதாது என்று நான் ஷூவை மாட்டிக்கொண்டே கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறுகிறேன், புடவைக்குக் கீழே பழுப்பு நிறத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. முதல் நாள், நான் பயந்தது போலவே எட்டாம் வகுப்பு முழுக்கச் சிரித்தது. "டீச்சர், கால்ல இன்னா?" என்று ஒருவன் கேட்டான்.

"ஷூ. பழக்கிக்கினு இருக்கேன்" என்றேன்.

"எதுக்கு டீச்சர்?"

பாடத்தில் இல்லாத கேள்விதான், இருந்தாலும் உட்காரச் சொல்லி அதட்டவில்லை. "போன வாட்டி எங்க வீட்டுக்காரர் அவர் ஷூவக் கழட்டி எனக்குக் குடுத்துட்டாரு. இந்த வாட்டி அவரு கழட்டக் கூடாது" என்றேன்.