கைவிலங்கும் கால்கட்டும்

கைதியைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போகும் போலீஸ்காரனுக்கு விலங்கில் பாதி தன் கையிலும் இருக்கும். நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாமல் இந்த டூட்டி பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். கல்யாணத்துக்கு எங்கள் பக்கம் கால்கட்டு என்று பேர். அந்தக் கட்டு விழுந்தவர்களைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

ஊட்டிவிட்ட சோறு

வரப்புத் தகராறில் ஒருத்தன் மண்டையை உடைத்த கருப்பையாவை மேலூர் கோர்ட்டுக்குக் கூட்டிப்போயிருந்தோம். ஒருதரம் தப்பி ஓடியவன் என்பதால் கோர்ட் அனுமதியோடு அவன் வலது கைக்கும் என் இடது கைக்கும் விலங்கு. வேப்பமரத்தடியில் அவன் சம்சாரம் தூக்குவாளியோடு காத்திருந்தாள். கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து, உருட்டி உருட்டி அவன் வாயில் வைத்தாள். பக்கத்தில் நான் பார்சல் புளிசாதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

பொறுக்கவில்லை. "கழட்டி விடுறேன், நீயே சாப்புடு" என்று சாவியை எடுத்தேன். கருப்பையா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"வேணாம் சார், கழட்டுனா நானே சாப்புடணும்ல."

வராத போன்

என்னோடு டூட்டிக்கு வரும் ஏட்டு அண்ணனுக்கு வீட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். எங்க இருக்கீங்க, சாப்ட்டாச்சா, எப்ப வருவீங்க. "கால்கட்டுடா மாப்ள, நீ தப்பிச்ச" என்று சலித்துக்கொள்வார். அந்தச் சலிப்பைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் காலையில் வீட்டில் சண்டை. போன் வரவேயில்லை. மனுஷன் செல்லை எடுத்து எடுத்துப் பார்த்தார். டவர் இல்லையோ என்றார். மதியம் அவர் டீ வாங்கப் போன நேரம், என் செல் அடித்தது. அவர் சம்சாரம்.

"தம்பி, அவரு சாப்ட்டாரா? நான் கேட்டேன்னு சொல்லிறாதீங்க."

பரவைப் பெண்

பரவையில் ஒரு டீச்சரைப் பெண் பார்த்தோம். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. என் பேச்சுக்குச் சிரிக்கக்கூடச் செய்தாள். ஆனால், நேரங்காலம் இல்லாத வேலை என்று சொல்லி, கப்பலூரில் கம்பெனி சூப்பர்வைசர் ஒருத்தருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

பிறகு ஒருநாள் கைதியோடு பஸ்ஸில் போகும்போது, முன் சீட்டில் அவள். புருஷன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் வெயில் படாமல் அவன் கையை விரித்து மறைத்துக்கொண்டிருந்தான். ஊர் வரும்வரை கையை இறக்கவில்லை. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கைதி முனகினான்.

"சார், நான் எங்கயும் ஓடல. எதுக்கு இம்புட்டு இழுக்குறீங்க?"

இத்தனை வருஷத்தில் இந்த விலங்கை மாட்டிக்கொண்டவர்களிலேயே, கட்டிப்போட ஆளில்லை என்று புழுங்கியவன் நான் ஒருத்தன்தான்.