என் தங்கைக்கு நான் கொடுத்த நீர் மாத்திரை

காளவாசலில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடை வாசலில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு என் தங்கை அதன்மேல் நின்ற காலைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். மூச்சைப் பிடித்தால் எடை குறையும் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. மறுநாள் சென்னையில் தேசியக் குத்துச்சண்டைப் போட்டிக்கு எடை பார்க்கிறார்கள். நாற்பத்தெட்டுக் கிலோவைத் தாண்டினால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மெஷின் நாற்பத்தெட்டே முக்கால் காட்டியது. இரண்டு நாளாகச் சரியாகத் தண்ணீர்கூடக் குடிக்காமல், மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தவள். உதடு வெடித்திருந்தது. "இன்னும் எம்புட்டுத்தாண்ணே குறைக்கிறது?" என்றாள். இந்தப் போட்டியில் பதக்கம் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு மனுப் போடலாம். எங்கள் வீடே அந்த வேலையை நம்பித்தான் இருந்தது.

கால் வீக்கத்துக்கும் பிரஷருக்கும் டாக்டர்கள் எழுதும் நீர் மாத்திரை ஒன்று உண்டு. போட்டால் உடம்பிலுள்ள தண்ணீர் சிறுநீராய் இறங்கிவிடும். அந்த யோசனை எனக்குத்தான் வந்தது. அவள் தயங்கி, குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் எல்லாருக்கும் கொடுத்திருந்த தடை மருந்துப் பட்டியலைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். கவுண்டரில் கூட்டம் நின்றது. பத்து வருஷமாகக் கடையில் நிற்பவன் என்ற மிதப்பில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதுல இல்லத்தா, தைரியமாப் போடு" என்றேன். கடைக்காரர்களாகிய நாங்கள் மருந்தைக் கம்பெனி வைத்த பெயரால்தான் அறிவோம். அந்தப் பெயர் தெரிந்தால் எந்த ரேக் என்று கை தானாகப் போகும். நான் தேடியதும் அந்தப் பெயரைத்தான். பட்டியலில் இருந்ததோ மருந்தின் மூலப் பெயர். அது என் கையிலிருந்த மாத்திரை அட்டையின் பின்னாலேயே பொடி எழுத்தில் இருந்தது. நான் திருப்பிப் பார்க்கவில்லை.

தங்கப் பதக்கம் வாங்கினாள். மேடையை விட்டு இறங்கியதும் ஊக்கமருந்துப் பரிசோதனைக்குச் சிறுநீர் எடுத்தார்கள். சில வாரம் கழித்து, தடை செய்த மருந்து அதில் இருந்ததாகக் கடிதம் வந்தது. அந்த மாத்திரை பலம் எதுவும் தராது. ஆனால் வேறு ஊக்கமருந்தின் தடயத்தை அது மறைத்துவிடக்கூடும் என்பதால் தடையாம். ஊசி போட்டு உடம்பை ஏற்றுகிறவனுக்கும் என் தங்கைக்கும் ஒரே சட்டமா என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கத்தினேன். பிறகுதான் மாஸ்டர் விதியைப் பொறுமையாக வாசித்துக் காட்டினார். உடம்புக்குள் போனதற்கு வீராங்கனையேதான் பொறுப்பு. ஆனால் எப்படிப் போனது என்று நிரூபித்தால், தவறு சிறிதென்றால், தண்டனை குறையும். வெறும் கண்டிப்போடு விட்டாலும் விடலாம். கொடுத்தவர் வந்து சொன்னால் போதும்.

நான்தான் அந்த ஆள். விசாரணைக்கு முந்தின நாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவளிடம், "சீட்டில்லாம மாத்திரை குடுத்தது வெளிய தெரிஞ்சா கடை லைசென்ஸுக்கே வம்பு, என் வேலையும் போயிரும்" என்று பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னேன். அவள் நிமிரவே இல்லை. "சரிண்ணே" என்றாள்.

விசாரணை வீடியோவில் நடந்தது. செல்லூரில் எங்கள் வீட்டை ஒட்டியே விசைத்தறி. ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சியிருந்தோம். போன் என்னைக் காட்டாதபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். மாத்திரையை யார் கொடுத்தது என்று கேட்டார்கள். "பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில நானே வாங்குனேன் மேடம். பில்லு வாங்கல." பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். "யாரும் இல்ல மேடம்" என்றாள். கை நீட்டினால் அவள் தோளைத் தொடும் தூரத்தில் இருந்தேன். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். இரண்டு வருஷம் தடை. பதக்கத்தையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

அந்த விதியை இப்போதெல்லாம் நான் திட்டுவதில்லை. அது ஒரு கதவைத் திறந்துதான் வைத்திருந்தது, அடைத்தவன் நான். தடை முடிவதற்குள் போலீஸ் வேலைக்கான வயது அவளுக்குத் தாண்டிவிட்டது. இப்போது திருமங்கலத்தில் ஒரு பள்ளியில் விளையாட்டு சொல்லிக்கொடுக்கிறாள். ஆனாலும் மறுபடி மேடையேறிவிட்டாள். போன மாதம் ஜெயித்தாள். மறுபடியும் சிறுநீர் எடுத்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. தபால்காரர் தெருவுக்குள் நுழைந்தாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். சோறு இறங்கவில்லை. நேற்று அதைக் கவனித்துவிட்டு, தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள்.

"நான் பச்சத் தண்ணியக்கூட பாத்துத்தாண்ணே குடிக்கிறேன். நீயும் எதுவும் குடுக்கல. அப்புறம் எதுக்குப் பயப்படுற?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதில் துளி கோபம் இருந்திருந்தால் அந்தத் தோசையைத் தின்றிருப்பேன்.