பாரூக் கட்டு

கராம்பு வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்னும் டிரம்ஸ் சத்தம்தான் கேட்கிறது...

சிரிக்காதீர்கள். மாத்தளையில் எங்கள் பேண்டுக்கு டிரம்ஸ் வாசித்த பாரூக்கின் கை, சட்டை, குச்சி எல்லாமே கராம்பு வாசனைதான். மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் கடை அவனுடைய வாப்பாவுக்கு. பகலில் பாரூக்குக்கு அங்கேதான் வேலை. ஆள் இல்லாத நேரம் மிளகு மூட்டைகளை வரிசையாக வைத்துக்கொண்டு அடிப்பான்.

"கடைக்கு வாறவனெல்லாம் தும்மிட்டே போறான்டா" என்று வாப்பா தலையில் கை வைப்பார்.

நான் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் புதிதாகச் சேர்ந்த கிளார்க். சனி, ஞாயிறுகளில் பேஸ் கிட்டார். அப்படி ஒருவனுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தேன் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

பாரூக் உட்கார்ந்து வாசிக்கிற ஆள் இல்லை. எழுந்து நிற்பான், துள்ளுவான், சிம்பலைக் காலால் உதைப்பான். கடைக் குச்சிகள் இரண்டாவது பாட்டிலேயே முறிந்துவிடும் என்று கொய்யாக் கிளையைச் சீவித் தானே குச்சி செய்துகொண்டான். ராக் பாட்டுக்கு நடுவில் திடீரென்று பைலா ஆட்டத் தாளத்துக்குத் தாவுவான்... கூட்டத்துக்குப் பைத்தியம் பிடிக்கும். பாடகரைப் பார்க்க யாரும் வரவில்லை. அந்தக் கவலை எங்கள் பாடகருக்கு இன்னும் தீரவில்லை.

ஒரே ஒரு சிக்கல். டிரம்ஸ் எங்களுடையது இல்லை.

சவுண்ட் செட் வைத்திருந்த பியதாச முதலாளி ஒருவர்தான் எங்களுக்கு டிரம்ஸ் வாடகைக்குக் கொடுப்பார். பாரூக் அதற்குள் அந்த டிரம்ஸில் மூன்று தோல் அடித்துக் கிழித்திருந்தான். யட்டவத்தையில் புத்தாண்டு விளையாட்டுப் போட்டிக்கு வாசிக்கப் புறப்பட்ட அன்று, லொறியில் சாமான் ஏற்றும்போதே அவர் சொல்லிவிட்டார்.

"இன்னொரு தோல் கிழிஞ்சிச்சின்னா, பாரூக், ஒனக்கு இந்த டிரம்ஸ் இல்ல. இனி எப்பவும் இல்ல."

பாரூக்கின் முகம் செத்துப்போனது. சொந்தமாக டிரம்ஸ் வாங்க அவனுக்கு வழியில்லை. இவரும் கைவிட்டால் ஆயுளுக்கும் மிளகு மூட்டைதான்.

யட்டவத்தையில் நாலு மணி வெயில். தார் பீப்பாய்களின் மேல் பலகை போட்டு மேடை. பியதாச முதலாளி லொறி மிதிபலகையில் உட்கார்ந்து பாரூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இவனும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்து, கடைக் குச்சிகளால் தட்டினான். ஆமாம், தட்டினான்... அதை அடி என்று சொல்ல முடியாது.

முதல் பாட்டு. இரண்டாவது பாட்டு. கூட்டம் ஐஸ்கிரீம் வேன் பக்கம் நகர்ந்தது. எனக்கே கொட்டாவி வந்தது. ஒழுங்கமைப்பாளர் மேடையோரம் வந்து, "இன்னும் ஒரு பாட்டோட இறங்கிருங்க. கயிறிழுத்தல் போட்டிய தொடங்கணும்" என்றார்.

பாரூக் என்னைப் பார்த்தான். "மச்சான், இப்பிடி வாசிச்சா இது நான் இல்லடா."

நான் முதலாளி பக்கம் பார்த்தேன். எனக்குப் பயம். அவன் கொய்யாக் குச்சிகளை எடுத்தான்.

முதல் அடியிலேயே ஐஸ்கிரீம் வேனில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அரை நிமிடத்தில் எல்லோரும் மேடைக்கு முன்னால். ஆனால் அவன் உதைத்த உதையில் பெரிய டிரம் பலகையில் வழுக்கி முன்னால் நகரத் தொடங்கியது. பாரூக் நிறுத்தவில்லை. ஸ்டூலை இழுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனான். டிரம் ஓட, இவன் துரத்த, பாடகர் மைக்கோடு ஒதுங்க... மேடை விளிம்புக்கு இரண்டு அடிதான் மிச்சம்.

பியதாச முதலாளி சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். தொலைந்தது என்று நினைத்தேன். வந்த வழியில் கயிறிழுத்தலுக்கு வைத்திருந்த கயிற்றை வாரிக்கொண்டு மேடையேறினார். டிரம்மின் கால்களில் ஒரு சுற்று, பாரூக் உட்கார்ந்திருந்த ஸ்டூலில் ஒரு சுற்று, இழுத்து ஒரு முடிச்சு. பாரூக்கின் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"எழும்பாத. நீ ஒக்காந்திருந்தா அது ஓடாது. இப்ப அடி."

"தோலு, முதலாளி?"

"கிழிஞ்சா கிழியட்டும். அடிடா."

அதன் பிறகு அவன் வாசித்ததை என்னால் எழுத முடியாது. காலில் இருந்த துள்ளல் எல்லாம் கைக்கு ஏறிவிட்டது. தோல் கிழிந்தது. டிரம்மின் விளிம்பில் அடித்தே பாட்டை முடித்தான். கயிறிழுக்க வந்த இரண்டு அணிகளும் கயிறு இல்லாமல் ஒரு மணி நேரம் ஆடிக்கொண்டிருந்தன. அடுத்த சனிக்கிழமை முதலாளியே கடைக்கு வந்து பாரூக்கை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். அவர் இருந்த வரைக்கும் அந்த டிரம்ஸை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

போன ஞாயிறு அலுவிகாரையில் ஒரு மியூசிக்கல் ஷோ. இப்போது எல்லாம் வேறு... இரும்பு மேடை, கம்பளம், டிரம்மை நகரவிடாமல் பிடிக்கும் கிளிப். வாசித்த இளைஞன் காதில் ஹெட்போன். ஆனால் அவனுடைய பெரிய டிரம்மிலிருந்து ஸ்டூலுக்கு ஒரு கயிறு... கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். ஷோ முடிந்ததும் ஓடிப்போய்க் கேட்டேன்.

"அது பாரூக் கட்டு, அங்கிள். இந்தப் பக்கம் எல்லா டிரம்மர்ஸும் கட்டுவாங்க."

"பாரூக் யாரு தெரியுமா?"

"தெரியாது அங்கிள். ஏதோ வெளிநாட்டுக்காரரோ..."

பாரூக் இப்போது லக்கலவில் வயல் பார்க்கிறான். யானை வந்தால் தகரம் அடித்து விரட்ட ஊரே அவனைத்தான் கூப்பிடுமாம். ஷோ நடந்த இடத்தில் நின்றபடியே அவனுக்குப் போன் போட்டு, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"பலமா அடிக்கிறானா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "கணக்கா அடிக்கிறான்டா. ஒரு பிழை இல்ல. ஆனா மெதுவாத்தான்."



"அப்ப கயிறு எதுக்கு மச்சான்?" என்றான்.